நாலு ராத்திரி, ஒரு டிவி: த்ரில்லரா, பேயா, டைம் மெஷினா?

போன பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். அத்தான், ஒன்பதாவது படிக்கும் மருமகன், ஏழு வயது மருமகள், அப்புறம் வீட்டில் இருக்கும் அம்மாவும் நானும். ஆறு பேர், ஒரு டிவி, நாலு ராத்திரி. சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். ரிமோட் என் கையில் இருப்பதால் படம் தேடும் வேலையும் என்னுடையது. படம் நன்றாக இருந்தால் டைரக்டரைப் புகழ்வார்கள், சொதப்பினால் என்னைத் திட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் காதல் படம் எடுபடாது. குடும்பப் படத்துக்கு அம்மாவே கும்பிடு போட்டுவிட்டாள், சீரியலில் பார்க்கும் அழுகை போதுமாம். மிச்சம் இருப்பது மூன்று வகை: கொலைகாரனைத் தேடும் த்ரில்லர், பேய்ப் படம், டைம் மெஷின் வகையறா. இந்த மூன்றையும் தியேட்டரிலும் வீட்டிலுமாக விடாமல் பார்க்கிற ஆள் நான். அதனால் படம் தேர்வு செய்வதில் எனக்குக் கஷ்டமே இருக்கக் கூடாது. ஆனால் இந்த முறை ஒரு புதுச் சிக்கல் முளைத்தது.

மருமகன்தான் அந்தச் சிக்கல். அவன் படம் பார்ப்பதில்லை, படத்தின் முடிவைப் பார்க்கிறான். மொத்தக் கதையையும் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடும் யூடியூப் வீடியோக்கள் இருக்கின்றனவே, அந்த வழியில் கடந்த பத்து வருஷத்துத் தமிழ்ப் படங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நான் ஒரு பெயரைச் சொன்னால் போதும், "மாமா, அதுல கடைசியில..." என்று ஆரம்பித்துவிடுவான். முதல் நாள் மாலையிலேயே மூன்று படங்களை ஐந்து நிமிஷத்தில் காலி செய்தான். அக்கா அவன் வாயைப் பொத்த வேண்டியிருந்தது.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் பையன் எனக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறான். முடிவைச் சொன்னதும் செத்துப் போகிற படத்தை ஆறு பேர் ராத்திரி பத்து மணிக்குக் கண் விழித்துப் பார்ப்பானேன்? யார் கொன்றான் என்று தெரிந்த பிறகும், பேய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகும் எந்தப் படம் நிற்கிறது? அதை மட்டும் வைத்து மூன்று வகையையும் எடை போட்டேன். உங்கள் வீட்டிலும் ரிமோட் உங்கள் கையில் இருந்தால் இது உதவலாம். எந்தப் படத்தின் முடிவையும் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு எங்கள் வீட்டில் வேறு ஆள் இருக்கிறான்.

த்ரில்லரில் ஆரம்பிக்கிறேன். முடிவு தெரிந்தால் அதிகம் அடிபடுவது அதுதான்.

2018 அக்டோபரில் '96' வந்த மறுநாள் 'ராட்சசன்' வந்தது. ஊரே ஜானுவுக்காக உருகிக்கொண்டிருந்த வாரத்தில் நான் இதற்குப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பரிசுப் பெட்டி திரையில் வரும்போதெல்லாம் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றுபோகும். அதன் பிறகு வந்த பாதித் தமிழ் த்ரில்லர்கள் அந்தப் படத்தை அச்சாக வைத்து வார்த்தவைதான்: கடத்தப்படும் பெண்கள், கொலைகாரன் விட்டுப்போகும் அடையாளம், கடைசியில் அவனுக்கென்று ஒரு சோகமான பிளாஷ்பேக். சமீபத்தில் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆள் யார் என்று தெரிந்திருந்ததால் கடைசி அரை மணி நேரம் இழுவையாக இருந்தது. ஆனால் சினிமா எடுக்கும் ஆசையில் சைக்கோ கொலைகாரர்களைப் பற்றித் தகவல் திரட்டி வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் கிடைக்காமல் போலீஸ் வேலைக்கு வருகிற அந்த ஹீரோவின் ஆரம்பக் காட்சிகள் அப்படியே இருக்கின்றன. பயமுறுத்திய பகுதி பழசாகிவிட்டது, ஆளைக் காட்டிய பகுதி பழசாகவில்லை.

2023 ஜூனில் வந்த 'போர் தொழில்' இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. கதை என்னவோ பழகிய கதைதான், திருச்சிப் பக்கம் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்படுகிறார்கள். ஆனால் விக்னேஷ் ராஜா முதல் படத்திலேயே ஒரு காரியம் செய்திருக்கிறார். கொலைகாரனைவிட, அவனைத் தேடும் இருவர் மேல் நமக்கு ஆர்வம் வருகிற மாதிரி எழுதியிருக்கிறார். ஒருவர் லோகநாதன், யாரையும் பக்கத்தில் சேர்க்காத அதிகாரி, சரத்குமார். இன்னொருவன் பிரகாஷ், பயிற்சியில் முதலிடம் வாங்கிவிட்டு நிஜப் பிணத்தைப் பார்த்தால் வெலவெலத்துப் போகிற புதுப் பையன், அசோக் செல்வன். தமிழ் சினிமாவில் போலீஸ்காரனுக்குக் கோபம் வரும், அழுகை வரும், பாட்டு வரும், பயம் மட்டும் வராது. இந்தப் படம் பயத்தையே எடுத்துக்கொண்டு, பயப்படுகிறவன் போலீஸ் வேலை பார்க்க முடியுமா என்று கேட்கிறது.

இந்தப் படத்தின் பெயரைச் சொன்னதும் மருமகன் கொலைகாரனைச் சொல்லிவிட்டான். "யாரா இருந்தா என்ன, போடு" என்றாள் அம்மா. போட்டோம். சரத் பாபு வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள், அவள் காலத்து ஆள். படம் வெளியாவதற்குச் சில வாரம் முன்பு, 2023 மே மாதம், அவர் காலமாகிவிட்டார் என்று நான் சொன்னபோது கொஞ்ச நேரம் திரையை விட்டு என்னைப் பார்த்தாள். கதை முழுக்கத் தெரிந்த மருமகன் நடுவில் ஒரு தடவைகூடப் போனை எடுக்கவில்லை என்பதையும் கவனித்தேன். முடிவு தெரியும், ஆனால் லோகநாதன் அந்தப் பையனைப் பார்க்கும் பார்வை காட்சிக்குக் காட்சி எப்படி மாறுகிறது என்பதைப் பத்து நிமிஷ வீடியோ சொல்லித் தரவில்லை.

'மகாராஜா' விஷயத்தில் எனக்கே இரண்டு மனசு. 2024 ஜூனில் வந்த நிதிலன் சாமிநாதன் படம், விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது. அந்த வருஷம் நவம்பரில் சீனாவிலும் வெளியாகி நன்றாக ஓடியது. சலூன் கடைக்காரர் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் "லட்சுமியைக் காணோம்" என்கிறார். யார் லட்சுமி என்று கேட்டால், வீட்டில் இருந்த இரும்புக் குப்பைத் தொட்டி. போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு பிறகு தொண்டையில் சிக்கும்படி படத்தைக் கட்டியிருக்கிறார். கதை நேர்வரிசையில் ஓடாததால், முடிவு தெரிந்து இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பிலோமின் ராஜின் எடிட்டிங் எங்கெங்கே நம்மை ஏமாற்றியிருக்கிறது என்று புரியும். என் அளவுகோலில் இது சுலபமாகப் பாஸ். சிங்கம்புலியை அதற்குப் பிறகு எந்தக் காமெடிக் காட்சியில் பார்த்தாலும் சில மாசம் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதன் நடுவில் பாலியல் வன்முறை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு திருப்பத்தை, அதுவும் மிகக் கச்சிதமான திருப்பத்தைச் செய்வது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஒரு பிள்ளையின் வேதனை புதிரின் கடைசித் துண்டாகிவிடுகிறது. கைதட்டத் தோன்றும் அதே நொடியில் கைதட்டக் கூடாது என்றும் தோன்றியது. நல்ல படம், ஆனால் குடும்பத்தோடு ஹாலில் உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை. தனியாகவோ விவரம் தெரிந்த நண்பர்களோடோ பாருங்கள். மருமகன் கேட்டபோது மறுத்துவிட்டேன். "எனக்குக் கதை தெரியும் மாமா" என்றான். கதை தெரிவது வேறு, காட்சி பார்ப்பது வேறு என்று சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை, முறைத்துக்கொண்டு போனான்.

இனி பேய்.

நம் ஊர்ப் பேய்ப் படத்துக்கு ஒரு வியாதி உண்டு. 2005இல் 'சந்திரமுகி' ஓடிய ஓட்டம், 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா', 2014இல் 'அரண்மனை'. இந்த வரிசைக்குப் பிறகு பேய் என்றால் பக்கத்திலேயே ஒரு காமெடியன் நின்று அலற வேண்டும் என்று ஆகிவிட்டது. 2024 மே மாதம் வந்த 'அரண்மனை 4' அதே சமையல், அதே எண்ணெய். அசாம் நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'பாக்' என்ற நீர்ப் பேயை எடுத்து வந்திருக்கிறார்கள், அது நல்ல யோசனை. அதைப் பாட்டுக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாயங்காலம் ஓடவிடலாம், யாருக்கும் தூக்கம் கெடாது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி' 2015இல் வந்தபோது சந்தோஷப்பட்ட ஆட்களில் நான் ஒருவன். சென்னை ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருக்கும் தெரு, பழைய போர்த்துக்கீசிய வியாபாரி ஒருவரின் பெயர், அதைச் சுற்றி ஊரில் உலாவிய கதைகள். அப்புறம் இரண்டாம் பாதியில் நாலு நண்பர்களை ஒரே அறைக்குள் பூட்டிவிட்டார். தப்பிக்க வழி கிடையாது, பாட்டு கிடையாது. 2024 ஆகஸ்ட் 15, 'தங்கலான்' வந்த அதே நாளில், இரண்டாம் பாகம் வந்தது. அருள்நிதி இரட்டை வேடம், பிரியா பவானி சங்கர், பெரிய செட், பெரிய கணக்கு. எனக்கு முதல் பாகம்தான். ஒரு அறையில் இருந்த பயம் உலகம் முழுக்கப் பரவியதும் நீர்த்துவிட்டது. யாருக்கு எப்போது என்ன ஆகும் என்ற விதிகளை விளக்கவே இரண்டாம் பாகத்துக்கு நேரம் சரியாக இருக்கிறது. அந்த விதிகளை மருமகன் ஒன்றரை நிமிஷத்தில் சொல்லி முடித்தான். அதற்கு மேல் படத்தில் எனக்கு மிஞ்சியது சாம் சி. எஸ். போட்ட சத்தம்தான்.

சத்தம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பேய்ப் படத்துக்கு வீட்டு டிவி எதிரி. தியேட்டரில் திடுக்கிடும் காட்சிக்கு முன்னால் சில நொடிகள் எல்லாச் சத்தத்தையும் உருவி எடுத்துவிடுவார்கள், நம் காது அந்த மௌனத்துக்குள் போய்த் தேட ஆரம்பிக்கும், அப்போது அடிப்பார்கள். வீட்டில் அந்த மௌனத்தில் மின்விசிறி சுற்றும், தெருநாய் குரைக்கும், யாராவது "தண்ணி பாட்டில் எங்க?" என்பார்கள். டிவியில் உள்ள சின்ன ஸ்பீக்கர் அடிவயிற்றில் உறுமும் அந்தத் தாழ்ந்த ஒலியைத் தராது. வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியின் அலறலில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். அதனால்தான் மூன்று வகையில் ஒன்றுக்கு மட்டும் டிக்கெட் காசு செலவழிக்கலாம் என்றால், நான் பேய்ப் படத்துக்குத்தான் கொடுப்பேன். அதிலும் தியேட்டரைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். ஒரு தியேட்டரில் பின்பக்க ஸ்பீக்கர் செத்துப்போன ஹாலில் பேய்ப் படம் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. படத்தில் பேய் பின்னால் இருந்து கூப்பிட வேண்டும், கூப்பிடவே இல்லை. ஹீரோயின் மட்டும் காரணமில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், சத்தத்தை நம்பாத பேய்ப் படமாக எடுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு உண்டு. இரண்டும் மலையாளம், இரண்டும் ராகுல் சதாசிவன் எடுத்தவை. ஒன்று 2022இல் நேரடியாக ஓடிடியில் வந்த 'பூதகாலம்'. பாட்டி இறந்துபோன வீட்டில் மனச்சோர்வில் இருக்கும் அம்மாவும் வேலையில்லாத மகனும். வீட்டில் பேய் இருக்கிறதா, இவர்கள் மனசில் இருக்கிறதா என்று கடைசிவரை நமக்கே சந்தேகம். அந்த அம்மாவாக நடித்ததற்கு ரேவதிக்குக் கேரள அரசு விருது கிடைத்தது. ஆனால் பண்டிகை நாளில் போட வேண்டாம், வீடே கனத்துப் போகும்.

இன்னொன்று 2024 பிப்ரவரியில் வந்த 'பிரம்மயுகம்'. கறுப்பு வெள்ளை. 17ஆம் நூற்றாண்டு மலபார். தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் பசியோடு ஒரு சிதிலமான மனைக்குள் நுழைகிறான். உள்ளே கொடுமோன் போற்றியாக மம்மூட்டி, ஒரு சமையல்காரன். ஏறக்குறைய இந்த மூன்று பேர்தான் முழுப் படமும். போற்றி பாட்டுக் கேட்கிறார், பாணன் பாடுகிறான், சாப்பாடு கிடைக்கிறது. பிறகு பகடை ஆடக் கூப்பிடுகிறார். பாணனிடம் பணயம் வைக்க ஒன்றும் இல்லை. "நேரம் இருக்கிறதே" என்கிற மாதிரி ஒரு ஆட்டம் அங்கே நடக்கும். அந்தக் காட்சிக்குப் பிறகு எனக்குப் பேய் தேவைப்படவில்லை. சாப்பாடு போடுகிறவனுக்கும் சாப்பிடுகிறவனுக்கும் நடுவில் இருப்பதைவிடப் பெரிய பயத்தை எந்த மேக்கப் போட்டும் காட்ட முடியாது. இந்த வேடத்துக்காக மம்மூட்டிக்குச் சிறந்த நடிகருக்கான கேரள அரசு விருதும் வந்தது. முடிவு தெரிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதிகாரம் கைமாறும்போது என்ன நடக்கும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதானே.

நாங்கள் இதை இரண்டாம் ராத்திரி போட்டோம், சின்னவள் தூங்கிய பிறகு. பத்து நிமிஷம் போனதும் நான் நிறுத்திவிட்டேன். காரணம், ஹால் டியூப்லைட். கறுப்பு வெள்ளைப் படத்தில் பாதி கறுப்புதானே, அந்தக் கறுப்பில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு மம்மூட்டியின் நெற்றியில் திருநீறு மாதிரிக் குறுக்கே கோடு போட்டிருந்தது. அதோடு அத்தானும் அக்காவும் சோபாவில் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. விளக்கை அணைத்தேன். அப்புறம் டிவி செட்டிங்கில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கும், அதையும் அணைத்தேன். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி நடுநடுவே தானாகப் பிரேம்களைச் செருகி எந்தப் படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடும். இந்த இரண்டும் செய்த பிறகு அதே டிவியில் வேறு படம் ஓடியது. பாதியில் அத்தான் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். போகிற வழியெல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டே போனார். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நயன்தாரா நடித்து 2022 டிசம்பரில் வந்த 'கனெக்ட்' பற்றியும் கேட்பீர்கள். லாக்டவுன், வீடியோ கால், பேய். இடைவேளை இல்லாமல் 99 நிமிஷம் ஓடும்படி எடுத்தார்கள். சமோசா விற்பது இடைவேளையில்தான் என்பதால் தியேட்டர்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் போனிலோ லேப்டாப்பிலோ ஹெட்போன் போட்டுப் பார்த்தால் தியேட்டரைவிட நன்றாக வேலை செய்கிற அபூர்வமான பேய்ப் படம் அது. ஆறு பேருக்கு ஒரு ஹெட்போன் போதாது, அதனால் தள்ளிவைத்தேன். அதை எடுத்த அஸ்வின் சரவணனின் படங்களில் எனக்குப் பிடித்தது இன்றும் 'மாயா'தான்.

மூன்றாவது வகைக்கு அறிவியல் புனைகதை என்று பெயர் சொன்னாலும் தமிழில் அது பெரும்பாலும் காலத்தோடு விளையாடுவதுதான். விண்கலம், வேற்றுக்கிரகம் என்று போனால் காசு கேட்கும். நேற்றைக்குப் போக ஒரு பெட்டியும் இரண்டு விளக்கும் போதும். இந்த வகையில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: படம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதியை மதிக்கிறதா? பேய்ப் படத்தில் விதி தெரிந்தால் பயம் போய்விடும். இங்கே விதி தெரிந்தால்தான் சுவாரஸ்யமே.

'இன்று நேற்று நாளை' வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. சமீபத்துப் படம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதைத் தாண்டி ஒரு தமிழ் டைம் மெஷின் படம் இன்னும் வரவில்லை என்பதால் சேர்க்கிறேன். 2065இல் செய்யப்பட்ட டைம் மெஷின் 2015இல் இரண்டு வெட்டிப் பயல்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் என்ன செய்வார்கள்? ஜோசியக் கடை போடுவார்கள்! தொலைந்த பொருள் எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்கு, அந்த நாளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்ணை மூடிக் குறி சொல்வார்கள். நம் ஊரில் டைம் மெஷின் கிடைத்தால் நிஜமாகவே இதுதான் நடக்கும். அப்படிப் போய் வருகையில் ஒரு சின்ன மாற்றம், சாக வேண்டிய ரவுடி சாகாமல் இருந்துவிடுகிறான். அதிலிருந்து ஒரு முடிச்சைக்கூட ரவிக்குமார் அவிழாமல் விடவில்லை. அவருடைய அடுத்த படமான 'அயலான்' வர 2024 பொங்கல் வரை எட்டரை வருஷம் ஆனது. அதில் வேற்றுக்கிரகவாசி அழகு, சித்தார்த் குரல் பொருத்தம், ஆனால் பழைய குறும்பு குறைவு. குழந்தைகளுக்கு அது பொருட்டே இல்லை. சின்னவளுக்கு மதியத்தில் போட்டுவிட்டேன். படம் முடிந்து இரண்டு நாள் அந்த ஏலியன் மாதிரியே நடந்துகொண்டிருந்தாள்.

'மாநாடு' பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 2021 நவம்பர், வெங்கட் பிரபு. துபாயில் இருந்து கோவைக்கு வரும் அப்துல் காலிக் செத்தால், திரும்ப அதே விமானத்தில் கண் விழிப்பான். விதி அவ்வளவுதான், ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குப் படம் தருவது உஜ்ஜயினி காலபைரவர் கோயில் காரணம். விஞ்ஞானம் தேடுபவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் பிதுக்க மாட்டேன், ஏனென்றால் படம் அதற்கு அப்புறம் அந்த விதியை ஒரு இடத்தில்கூட மீறவில்லை. வில்லனும் அதே சுழலுக்குள் மாட்டிக்கொள்ள அது சொல்லும் காரணம் இன்னும் பிரமாதம். முடிவு தெரிந்து பார்த்தால்? பத்துத் தடவை பார்க்கலாம். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற படத்தை நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் என்ன தப்பு? எஸ். ஜே. சூர்யா "ரிப்பீட்டு" என்று சொல்வதற்காகவே எங்கள் அத்தான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். அதே சூர்யாவின் 'மார்க் ஆண்டனி'யில் 1995இல் இருந்து 1975க்குப் போன் போடுகிறார்கள். அமளி, இரைச்சல், சிரிப்பு. விதியை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை, நாமும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 அக்டோபரில் 'வேட்டையன்' வந்த மறுநாள் வந்து கூட்டத்தில் காணாமல் போனது ஜீவாவின் 'பிளாக்'. 2013இல் வந்த ஒரு ஆங்கிலப் படத்தின் தழுவல் அது. கடலோரம் புதிதாக வாங்கிய வீடு, அக்கம்பக்கத்தில் யாரும் குடிவரவில்லை. ராத்திரி கரண்ட் போகிறது. எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது... சரி, நிறுத்திக்கொள்கிறேன். புதிர்ப் பிரியர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இரண்டு பேரோடு பார்த்தால் சுகம், ஆறு பேரோடு பார்த்தால் ஆறு விளக்கம் கிளம்பி, படத்தைவிடச் சண்டை நீளமாகிவிடும்.

மூன்றாம் ராத்திரிக்கு நான் எடுத்தது 'கணம்'. 2022 செப்டம்பரில் வந்தது, தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள். நல்ல படம், தியேட்டரில் அவ்வளவாகக் கண்டுகொள்ளப்படவில்லை என்பது என் வருத்தம். மூன்று நண்பர்கள் 1998க்குத் திரும்புகிறார்கள், ஒருவனுக்குச் செத்துப்போன அம்மாவைக் காப்பாற்ற வேண்டும். அமலா அந்த அம்மா. டைம் மெஷின் கணக்கில் பார்த்தால் படத்தில் ஓட்டை உண்டு, மருமகன் இரண்டைக் கண்டுபிடித்துச் சொன்னான். ஆனால் முப்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவன், தன்னை அடையாளம் தெரியாத தன் அம்மா முன்னால் போய் நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கிறானே, அந்த இடத்தில் யாரும் ஓட்டை பார்க்கவில்லை. படம் முடிந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பாலுக்கு உறை ஊற்றினாள். எங்கள் அப்பா இறந்ததும் 1998க்குப் பக்கத்தில்தான்.

நாலாவது ராத்திரி மருமகனே வந்து உட்கார்ந்தான். "மாமா, எனக்கு முடிவு தெரியாத படமா ஒண்ணு போடுங்களேன்."

இது நான் எதிர்பாராதது. அவன் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் தமிழ்ப் படங்கள் பற்றியவை. அதனால் 'கிஷ்கிந்தா காண்டம்' எடுத்தேன். 2024 ஓணத்துக்கு வந்த மலையாளப் படம், மூன்று வகையில் சேர்ப்பதானால் த்ரில்லர். துரத்தல் இல்லை, ரத்தம் இல்லை. காட்டை ஒட்டிய வீடு, மரமெல்லாம் குரங்குகள், காணாமல் போன ஒரு கைத்துப்பாக்கி, அதற்கும் முன்னால் காணாமல் போன ஒரு குழந்தை. வீட்டுக்குப் புதிதாக வரும் மருமகள் கண் வழியாக நாம் அந்த வீட்டைப் பார்க்கிறோம். அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், கறாரான மனிதர், அவருக்கு ஞாபகம் மங்கிக்கொண்டு வருகிறது. அதை ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வாழ்கிறார். விஜயராகவன் அதை நடித்திருக்கும் விதத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் இதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருந்தேன். முடிவு தெரிந்து பார்த்தபோதுதான், முதல் தடவை வெறும் கோபமாகத் தெரிந்தது எல்லாம் வேறு என்னவோவாகத் தெரிந்தது.

மலையாளத்திலேயே போட்டேன். அம்மாவுக்குப் பாதி புரியும், மீதியை மருமகன் சப்டைட்டிலைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். இடைவேளை சமயத்தில் அவன் கை தானாகப் போனை நோக்கிப் போனது. அத்தான் அதை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பையன் என்னைப் பார்த்தான்.

"மாமா, உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லிராதீங்க."

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த மனுஷன் மறந்து போனதை மறைக்கிறதுக்கு எவ்வளவு பாடுபடுறான் பாரு" என்றாள். பிறகு, கேஸை அணைத்தோமா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அணைத்துத்தான் இருந்தது. வந்து உட்கார்ந்து மறுபடி படத்தை ஓட விட்டேன்.